பாட்டி சொல்லும் பால்

அறந்தாங்கியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ 108-ல் மூச்சிரைக்க ஒரு கைக்குழந்தை புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தால், முதல் வேலை ஆக்சிஜன். மற்ற கேள்விகள் அப்புறம்தான். நிமோனியா தேறியதும் வீட்டுக்குப் போய்விடும். அதே குழந்தை அடுத்த மாதமும் வந்தால்?

வாய்க்குள் வெள்ளைப் படலம். 'பால் ஒட்டியிருக்கு' என்பார் பாட்டி. பால் என்றால் லேசாகத் துடைத்தாலே போய்விடுமே! அது மட்டும் இருந்தால் பயமில்லை. சாதாரணக் குழந்தைக்கும் வரும். ஏறாத எடை, நிற்காத வயிற்றுப்போக்கு, காதுக்குக் கீழே வீக்கம் எல்லாம் சேர்ந்தால் எச்.ஐ.வி பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

'மாசமா இருந்தப்பவே டெஸ்ட் எடுத்தாச்சு' என்று அட்டையைக் காட்டுவார்கள். அதன்பின், பாலூட்டும் காலத்தில் தாய்க்குத் தொற்று வந்திருந்தால் அட்டைக்கு எப்படித் தெரியும்?

சிக்கல் அங்கேதான். குழந்தையின் ரத்தம் தாயின் ரகசியத்தையும் சொல்லிவிடும். மாமியார் பக்கத்தில் நிற்க, வார்டு நடுவே கேட்கிற கேள்வியா இது? தாயைத் தனியே அழைத்துப் பேசி, சம்மதம் வாங்க வேண்டும். ரகசியம் காக்கச் சொல்கிறது 2017-ம் ஆண்டுச் சட்டம்.

ஒன்றரை வயதுக்குள் தாயின் எதிர்ப்புப் புரதமே குழந்தை ரத்தத்தில் இருக்கலாம். அதனால் வைரஸையே தேடும் பி.சி.ஆர் சோதனை தேவை. தொற்றோடு பிறந்து சிகிச்சை கிடைக்காத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அரசின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். சந்தேகம் கேட்க 1097.