இருமலுக்குப் பயந்து மறுபடி பற்ற வைக்காதீர்கள்



சானடோரியம் ஸ்டேஷனில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். "சிகரெட்டை விட்டதுமே இருமல் அதிகமாயிடுச்சு சார். மறுபடி பிடிக்கலாமான்னு இருக்கு" என்றான். வேண்டாம்ப்பா என்றேன்.

சுவாச மண்டலப் பாடம் நினைவிருக்கிறதா? மூச்சுக்குழலின் உட்சுவர் எபிதீலியத் திசுவால் ஆனது. அதிலுள்ள குறு இழைகள், தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை ஓயாமல் தொண்டைக்குத் தள்ளும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். வயிற்று அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும்.

பீடி, சிகரெட் புகை அந்த இழைகளை முடக்கிவிடும், சளி தேங்கும். புகையை விட்டால் இழைகள் மீண்டும் வேலையைத் தொடங்கும். அதனால் வரும் இருமல் நாளடைவில் குறையும்.

ஆனாலும் இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் அலட்சியம் வேண்டாம். 1928-இல் தொடங்கிய நம் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். போய்க் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்