வீட்டுக்கு இரண்டு சாவி

எங்கள் வீடு ஏற்காடு ஒண்டிக்கடையில் இருக்கிறது. மே மாதம் கோடை விழா வந்தால், மாடியில் உள்ள இரண்டு அறைகளையும் வாடகைக்கு விடுவோம். வருகிறவர்கள் படியேறும்போதே, "அம்மா, வைஃபை இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். வெந்நீரெல்லாம் அப்புறம்தான்! நானும் பாஸ்வேர்டை ஒரு அட்டையில் எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஒன்றிலிருந்து எட்டு வரை எண்கள், அவ்வளவுதான். யாருக்கும் மறக்காதே என்று பெருமை வேறு!

சென்ற கோடை விழாவின்போது என் பெண்ணுக்கு வேலைக்கான இன்டர்வியூ, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக. மூன்றாவது கேள்வியில் படம் நின்றுவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. "பிறகு கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவேயில்லை. அவள் அழவில்லை, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பெற்ற மனசு கேட்குமா?

அன்று சாயங்காலமே சேலத்தில் இருக்கும் என் அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். "இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர நேரமில்லை அத்தை. நான் சொல்லச் சொல்ல நீங்களே பண்ணுங்க" என்றான்.

"நான் பத்தாவதோட நின்னவடா!"

"ரவுட்டர் அதெல்லாம் கேக்காது அத்தை."

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் ஓர் எண் முகவரி, ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு இருந்தன. அந்த முகவரியைக் கம்ப்யூட்டரில் அடித்து உள்ளே போனால், யார் யாருடைய கருவி நம் நெட்டில் இருக்கிறது என்ற பட்டியல் வந்தது. மொத்தம் பதினேழு! எங்கள் வீட்டில் இருப்பது நான்கு. மாடியில் தங்கியவர்களுடையது ஐந்து. மீதி எட்டு? ஜன்னல் வழியே பார்த்தேன். காம்பவுண்டுச் சுவர் மேல் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையை ரசிக்க வருகிறார்கள் என்று நினைத்து டீகூடக் கொடுத்திருக்கிறேன்!

"நெட் மெதுவாப் போறது பெரிசில்லை அத்தை" என்று அவன் சொன்ன விஷயம் என்னை நடுங்க வைத்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது. அந்த வீட்டுக்காரருக்குச் சம்பந்தமே இல்லை. சரியாகப் பூட்டாத அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

அன்றே வேலையைத் தொடங்கினேன். நீங்களும் இந்த வரிசையில் செய்யலாம்.

முதலில், ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு. இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல. பீரோ சாவி மாதிரி வேறு. கம்பெனி வைத்ததை அப்படியே விடாதீர்கள். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், அப்படி விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் வேலைக்காரர்களாக்கிக் கொண்டது.

அடுத்து வைஃபை பாஸ்வேர்டு. போன் நம்பரும் பிள்ளைகள் பெயரும் வேண்டாம். ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு வார்த்தைகளைச் சேர்த்துப் போடுங்கள். பூட்டு வகையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்கட்டும், டபிள்யூ.ஈ.பி. என்பது எப்போதோ உடைந்து போன பூட்டு. 'அப்டேட்' வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

மூன்றாவதாக, விருந்தாளிகளுக்கென்று தனி 'கெஸ்ட்' வைஃபை. அதில் சேருகிறவர்களுக்கு நெட் கிடைக்கும். ஆனால் நம் கம்ப்யூட்டர், பிரிண்டர் பக்கம் அவர்கள் வர முடியாதபடி அமைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் அதில் நடப்பதும் நம் கணக்கில்தான் சேரும். ஆகவே அறை காலியானதும் அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறேன். மாடி அறைச் சாவியைக் கொடுப்பதற்காகச் சமையலறைச் சாவியையும் சேர்த்தா கொடுக்கிறோம்?

மறுநாள் சுவர் காலி! பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் வந்து, "ஏனுங்க அக்கா, பையன் பாடம் பாக்கணும், நெட்டு வரமாட்டேங்குதே" என்று தயங்கி நின்றாள். கெஸ்ட் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தேன். பூட்டுவது கஞ்சத்தனம் அல்ல. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது, அவ்வளவுதான்.

போன வாரம் என் பெண்ணுக்கு இன்னொரு இன்டர்வியூ. கெஸ்ட் வைஃபையை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தேன். முழுதாகப் பேசி முடித்துவிட்டு வந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். முடிவு எப்படி வந்தாலும் வரட்டும். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.