செத்த தசையும் ஆறும் புண்ணும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இலக்கியம் பற்றியே எழுதுவேன் என நண்பர்கள் எண்ணியிருப்பர். நான் எழுத விழைவதோ புண்ணைப் பற்றி.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வன்னியில், எறிகணையால் காயமுற்ற என் மாணவன் ஒருவனைத் தற்காலிக வைத்தியசாலையொன்றுக்குத் தூக்கிச் சென்றோம். வைத்தியர் அவனது தொடையில் கருகிய தசையை வெட்டியகற்றி, தைக்காமலே கட்டுப்போட்டார்.

“ஐயா, தைச்சு விடுங்கோ” எனத் தாய் கெஞ்சினார்.

“இப்ப தைச்சால் உள்ளுக்கை அழுகும், அம்மா.”

அக்கூற்றின் உண்மையைப் பின்னரே கற்றறிந்தேன். குருதியோட்டம் நின்ற இழையம் உயிரற்றது. மருந்து குருதி வழியே செல்வதாதலின், எத்துணை வீரியமான மருந்தும் அங்கு எட்டாது. கிருமிகளுக்கோ அது விருந்து. ஆகவே கத்தியே முதல் மருந்தாகிறது. எதுவரை வெட்டுவது? கிள்ளினால் சுருங்குவதும் வெட்டினால் குருதி கசிவதும் உயிருள்ள தசை. நிறம் மாறி நைந்தது இறந்த தசை. இவ்வாறு துப்புரவாக்கிய போர்க்காயத்தைத் திறந்தபடி விட்டு, நான்கைந்து நாட்களின் பின் தைப்பதே முறை. முதலாம் உலகப் போரில் எண்ணற்ற உயிர்களைப் பலிகொடுத்தே ஐரோப்பிய வைத்தியர் இதனைத் தெளிந்தனர். என் மாணவன் பிழைத்தான், காலும் தப்பிற்று.

இவ்வித்தை எம்மொழிக்கும் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எம்மவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் தந்தார். அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாதென்று சலிப்போர் இந்நூலின் பெயரையாவது அறிந்திருத்தல் நன்று.

பிளாக்டவுனில் எறிகணை இல்லை; சலரோகம் உண்டு. மேற்குச் சிட்னியில் இந்நோய் மிகுதி. பாத நரம்புகள் மரத்துவிடுவதால் புண் வலிப்பதில்லை. வலியாத புண்ணை எம் முதியோர் காலுறைக்குள் மறைத்துவிடுகின்றனர். அண்மையில் அத்தகைய ஒருவருக்கு மொழிபெயர்க்க உடன் சென்றேன். பாத வைத்தியர் சிறு கத்தியை எடுத்ததும் அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“மாஸ்ரர், காலை வெட்டப் போகினமோ?”

“இல்லை ஐயா, செத்த தோலைத்தான் எடுக்கினம். கால் தப்பத்தான்.”

வீட்டிலே சவர அலகால் தாமே வெட்டிக்கொள்வோரும் உளர். அது பேராபத்து. குருதியோட்டம் குன்றிய காலில் எதை அகற்றலாம், எதைத் தொடலாகாது என்பதைப் பயின்றவரே அறிவர்.

அம்முதியவர் இப்போது வாரந்தோறும் கிளினிக்குக்குச் செல்கிறார். தாதி காகித அளவுகோலால் புண்ணை அளக்கிறார். சென்ற முறை எட்டு மில்லிமீற்றர். எம் பள்ளியில் பயிலும் அவரது பேத்தி அதனைத் தன் தமிழ்க் கொப்பியின் கடைசித் தாளில் குறித்து வைத்திருக்கிறாள்.