போர்ச்சுகல் டூரா? தேதியைக் கடலிடம் கேளுங்கள்!

போர்ச்சுகல் என்று போனில் தேடினால் முதலில் வரும் படம் அநேகமாக ஒன்றுதான். தேன் நிறப் பாறைகள், அவற்றை வளைவு வளைவாகக் குடைந்த குகைகள், கீழே கண்ணாடி போல நீலக் கடல், மேலே மேகமே இல்லாத வானம். அல்கார்வ் என்று அழைக்கப்படும் தென்கோடிக் கடற்கரை அது. படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர் எவ்வளவு குளிரும் என்பதைப் படம் சொல்லாது.

மெரினாவிலும் ராமேஸ்வரத்திலும் வெதுவெதுப்பான கடலில் கால் நனைத்துப் பழகிய குடும்பம், மே மாதம் ஆசையாக அங்கே இறங்கினால் முழங்கால் நனைவதற்குள் அலறிக்கொண்டு கரையேறிவிடும். தமிழ்நாட்டுக் கடல் பெரும்பாலும் 27 டிகிரிக்கு மேல் இருக்கும். அங்கே மே மாதத்தில் 17 டிகிரி இருந்தாலே அதிகம். லட்சக்கணக்கில் செலவழித்துப் போய்விட்டு, ஒரு வாரமும் கடலை வேடிக்கை பார்த்துத் திரும்பும் நிலை வரக் கூடாதென்றால் திட்டத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இவ்வளவு வெயில் அடிக்கும் நாட்டில் கடல் மட்டும் ஏன் குளிர்கிறது? போர்ச்சுகல் மத்தியதரைக் கடல் நாடு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் கரை முழுவதும் அட்லாண்டிக் பெருங்கடல்தான். கோடையில் வடக்கிலிருந்து ஒரு காற்று விடாமல் வீசும். 'நொர்த்தாடா' என்பது அதன் பெயர். வெயிலில் சூடேறிய மேல் தண்ணீரை அது கரையிலிருந்து அப்பால் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப, அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. அதனால் ஆகஸ்ட் வெயிலில்கூட மேற்குக் கரையில் முங்கிக் குளிக்கத் தைரியம் வேண்டும். அந்தக் குளிர்நீர் கொண்டுவரும் இரையில்தான் மத்தி மீன் கொழுக்கிறது. ஜூன் 12 இரவு, புனித அந்தோணியார் விழாவுக்கு லிஸ்பன் தெருக்களில் எழும் புகை முழுக்க மத்தி சுடும் புகைதான்!

தெற்குக் கரை இந்தக் காற்றிலிருந்து ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. அதிலும் ஸ்பெயினை நெருங்கும் கிழக்குப் பகுதி இன்னும் மேல். தவிரா, ஒல்யாவ் போன்ற ஊர்களில் படகு ஏறினால் எதிரே மணல் தீவுகள். பாறைக் குகைப் படங்கள் இங்கே கிடைக்காது. குழந்தைகள் தண்ணீரில் விளையாடலாம். கோடை முடிகிற நேரத்தில் 22 டிகிரி வரை வரும். படம் முக்கியமா, குளியல் முக்கியமா என்று குடும்பத்துக்குள் முதலிலேயே பேசி முடிவு செய்துவிட்டால் அறை எந்தப் பக்கம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அடுத்தது மாதம். கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாகவே ஆறும். அதனால் வெயில் உச்சத்தில் இருக்கும் ஜூனைவிட, செப்டம்பரில் தண்ணீர் இதமாக இருக்கும். ஐரோப்பியக் குடும்பங்களின் கோடை விடுமுறையும் அதற்குள் முடிந்திருக்கும். காலாண்டுத் தேர்வு விடுமுறையோடு நாலைந்து நாள் லீவு சேர்த்துக்கொள்ள முடிந்தால் அதுதான் சரியான நேரம். மே மாதம்தான் முடியும் என்றால் அதுவும் மோசமில்லை. நடந்து சுற்ற நல்ல பருவம், கூட்டம் குறைவு, அறை வாடகையும் கோடையைவிடக் குறைவு. நீச்சல் குளம் உள்ள ஓட்டலாகப் பார்க்கும்போது, அது சூடேற்றப்பட்ட குளமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. ஜூலை, ஆகஸ்ட்டில் உள்நாட்டு அலெந்தேஜு பகுதி 40 டிகிரியைத் தொடும். காட்டுத்தீ அபாயமும் உண்டு.

குளிர்காலம் வேறு வகை ஆட்களுக்கு. லிஸ்பனுக்கு வடக்கே நஸரே என்று ஒரு மீனவ ஊர். அதன் கரைக்கு மிக அருகில் கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆழ்கடலில் சுமார் 5,000 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. புயல் கிளப்பும் அலைகள் அதன் வழியே வேகம் குறையாமல் வந்து கரையருகே எழும்பி நிற்கும். 2020 அக்டோபரில் ஜெர்மானிய வீரர் செபாஸ்டியன் ஸ்டைட்னர் இங்கே சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர் என்று கின்னஸ் பதிந்திருக்கிறது. எட்டு மாடிக் கட்டடம்! கலங்கரை விளக்கம் இருக்கும் கோட்டையில் நின்று மக்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே வேடிக்கையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கோடைக் கடற்கரையிலும் கொடியைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. பச்சை என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. சிவப்பு என்றால் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி இருந்தால் காவலர் அந்த நேரம் இடத்தில் இல்லை என்று அர்த்தம். இன்னொன்று, அந்த அழகான தேன் நிறப் பாறைகள் உறுதியானவை அல்ல. 2009 ஆகஸ்டில் அல்புஃபேராவுக்கு அருகே பாறை சரிந்து, நிழலுக்காக அதன் அடியில் இருந்த ஐந்து பேர் இறந்துபோனார்கள். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில், எவ்வளவு வெயிலானாலும் பாறை நிழலில் துண்டு விரிக்கக் கூடாது.

விசா விஷயம் சுருக்கமாக. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். கோடை நெருங்கினால் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ. விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பதிவு செய்வதே புத்திசாலித்தனம்.

எட்டு நாள் இருந்தால் லிஸ்பனுக்கு மூன்று, தெற்குக்கு நான்கு, போக்குவரத்துக்கு ஒன்று. லிஸ்பனிலிருந்து ஃபாரோவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம். இதற்குள் ஸ்பெயினையும் திணித்தால் பெட்டி தூக்கும் நேரம்தான் மிஞ்சும்.

லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். நடைபாதையெல்லாம் வழவழப்பான சிறு கற்கள் பதித்தவை. மழை பெய்தால் வழுக்கும். தாத்தா, பாட்டியோடு போகிறவர்கள் ஆற்றோரச் சமவெளியான பைஷா பகுதியில் தங்கினால் முழங்கால் தப்பிக்கும். 1755 நவம்பர் 1-ஆம் தேதி நிலநடுக்கம், சுனாமி, தீ மூன்றும் சேர்ந்து அழித்த பிறகு நேர்த்தெருக்களாகத் திட்டமிட்டுக் கட்டிய பகுதி அது. கூரை போன கார்மோ தேவாலயம் மட்டும் அந்த நாளின் சாட்சியாக இன்றும் வானம் பார்த்து நிற்கிறது.

பெலெம் பகுதியில் இருந்துதான் 1497-இல் வாஸ்கோடகாமா கப்பல் ஏறினார். அவர் கல்லறையும் அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்திலேயே இருக்கிறது. அந்தப் பாதையில் போன கப்பல்கள் விட்டுச்சென்ற சொற்கள் தமிழ் வீடுகளில் இன்னும் புழங்குகின்றன. சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியம். ஓட்டல் வரவேற்பறையில் 'சாவி' என்றாலே பாதி புரிந்துவிடும்! 1554-இல் லிஸ்பனில் அச்சான ஒரு கிறிஸ்தவ மறைநூலில் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். தமிழ் அச்சேறியது முதலில் அங்கேதான்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் வரும். இலவசம் இல்லை, தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்று திருப்பித் தரலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். சைவக்காரர்கள் கீரை சூப் என்று நம்பி 'கால்டோ வெர்டே' கேட்டால் அதில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். இவ்வளவு மீன் பிடிக்கும் நாட்டின் செல்ல உணவு, பெரும்பாலும் நார்வேயிலிருந்து வரும் காட் மீன் கருவாடு என்பதுதான் வேடிக்கை.

கடைசி மாலையை ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையான சாவ் விசென்ட் முனைக்கு ஒதுக்கலாம். ஜூனில் ஒன்பது மணிக்குத்தான் சூரியன் கடலில் இறங்கும். குழந்தைகளுக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். ஆகஸ்டிலும் அந்த நொர்த்தாடா அங்கே தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும்.