ஏட்டில் ஏறிய பெயர்

மேற்குத் தொடர்ச்சி மலை தன் இரு கரங்களையும் நீட்டி அணைத்துக் கொண்டாற்போல அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. அதன்கண் மேகமலையின் அடிவாரத்தை ஒட்டி, தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த இராயப்பன்பட்டி உள்ளது. ஊரை அடுத்துச் சண்முகாநதி நீர்த்தேக்கம் விளங்குகிறது. சுற்றிலும் நெல்லும் வாழையும் செழிக்கின்றன; திராட்சைப் பந்தல்கள் நிழல் விரிக்கின்றன; வரப்போரங்களில் தென்னைகள் நிற்கின்றன. வழிப்போக்கர் ஒருவர் அவ்வெளியைக் கண்டால், “எத்துணை வளமான நிலம்!” என்று வியந்து நிற்பார். அவ்வூரில் பிறந்து வளர்ந்த உழவரோ, “இந்த நிலம் யாருடையது?” என்னும் வினாவையே முதலில் எண்ணுவார்.

அவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிதன்று. பட்டாவில் ஒருவர் பெயர் இருக்கும். வாரத்திற்கு உழுபவர் வேறொருவராக இருப்பார். கொடுத்த கடனுக்கு ஈடாக நிலத்தை ஒத்தியாகப் பெற்று அனுபவிப்பவர் மற்றொருவர். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துபவர் இன்னொருவர். இவர்கள் அனைவருக்கும் அந்நிலத்தில் ஏதோ ஓர் உரிமை உண்டு. எழுத்தால் வந்த உரிமை சில. வழக்கத்தால் வந்த உரிமை பல.

பழந்தமிழ் நாட்டு வழக்கில் மேல்வாரம், குடிவாரம் என்னும் இரு சொற்கள் வழங்கின. விளைச்சலில் அரசனுக்கோ, அவனிடம் உரிமை பெற்ற தலைவனுக்கோ சேர வேண்டிய பங்கு மேல்வாரம் எனப்பட்டது. நிலத்தில் குடியிருந்து உழுவோருக்கு உரிய பங்கு குடிவாரம் எனப்பட்டது. ஆகவே ஒரே வயலில் இரண்டு உரிமைகள், ஒன்றன்மேல் ஒன்றாய், ஓலைக் குடிசையின் கூரையும் சுவரும் போல இருந்தன. கூரையின் கனத்தைத் தாங்கியது சுவரே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆங்கிலக் கும்பெனியார் ஆட்சிக்கு வந்தபின் நிலவரியைத் தவறாது பெற வழி தேடினர். 1802ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஜமீன்தாரி முறைக்குச் சட்டம் வகுத்தனர். மேல்வாரத்தைத் தண்டி அதில் ஒரு பகுதியை அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு ஜமீன்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறிதோரிடத்தில், தாமஸ் மன்றோ போன்றோர் வலியுறுத்திய இரயத்துவாரி முறைப்படி, நிலம் உடையவர் நேரே அரசுக்கு வரி செலுத்தினார். போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் ஆகியவை இப்பகுதியில் பெயர் பெற்ற ஜமீன்கள். ஜமீன் ஊர்களில் உழுத குடிகளுக்கு 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் ஓரளவு காப்பளித்தது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. மேல்வார உரிமை மறைந்தது. குடிவாரம் உடையவருக்குப் பட்டா கிடைத்தது.

ஆயினும், சட்டம் இறங்கிய படிக்குக் கீழே இன்னும் ஒரு படி இருந்தது. பட்டா பெற்றவர் எல்லாரும் தாமே ஏர் பிடிப்பவர் அல்லர். தம் நிலத்தைப் பிறரிடம் வாரத்திற்கோ குத்தகைக்கோ விட்டவர் பலர். விளைந்ததில் பங்கு பிரித்துக்கொள்வது வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுப்பது குத்தகை. இரண்டும் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிந்தன. வெற்றிலை பாக்கு மாறும், அவ்வளவே. களத்தில் நெல் அளக்கும்போது உடையவர் பங்கு முதலில் வண்டியேறும்; உழுதவர் பங்கு அதன்பின் வீடு சேரும். நெல் அளந்ததற்கு இரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று உழவர் எண்ணினர்.

இந்தப் பள்ளத்தாக்கின் வளத்திற்கு வேராய் நிற்பதே ஒரு குத்தகை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்புவதற்காக, 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. நீர்த்தேக்கத்திற்கு வேண்டிய 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெறப்பட்டது. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை எனக் குறிக்கப்பட்டது. 1970இல் அக்குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டதும் எழுத்தின் வழியேதான். பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் இறங்கியது. பள்ளத்தாக்கு பசுமை கொண்டது. நீர் தேங்கும் நிலத்திற்கு 999 ஆண்டு எழுத்து இருந்தது. அந்நீரைப் பாய்ச்சி நெல் விளைத்த குத்தகை உழவருக்கோ ஓராண்டு எழுத்தும் இல்லை.

இக்குறையை நீக்கவே அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. 1955ஆம் ஆண்டின் குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டம், குத்தகையை ஒழுங்காகச் செலுத்தி நிலத்தைக் கெடுக்காமல் பயிரிடுபவரை வெளியேற்றலாகாது என்றது. 1956ஆம் ஆண்டின் நியாயவாரச் சட்டம், உடையவர் பங்கு நன்செயில் நூற்றுக்கு நாற்பதுக்கும், புன்செயில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்படலாகாது என்றது. பின்னர் அது நூற்றுக்கு இருபத்தைந்தாகக் குறைந்தது. ஆனால், சட்டத்தின் வாயிலில் ஒரு வினா காத்து நின்றது: “நீ குத்தகை உழவன் என்பதற்குச் சான்று என்ன?” அதற்கு விடை கூற இயலாதவருக்குச் சட்டத்தின் கதவு திறக்கவில்லை. ஆகவே, குத்தகை உழவர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதுவதற்கென்றே 1969இல் தனிச் சட்டம் பிறந்தது.

அப்பொழுது இராயப்பன்பட்டியில் உழவர் இருவர் அடுத்தடுத்த வயல்களை வாரத்திற்குச் செய்து வந்தனர். ஆற்றுப் பாசனத்தில் அடங்கிய நன்செய் அது. இருவரும் தத்தம் தந்தையர் காலந்தொட்டே அவ்வயல்களை உழுதவர்கள். வரப்பின் ஒவ்வொரு வளைவும் அவர்கள் மண்வெட்டி அறியும். நிலம் உடையவர்கள் வேறு வேறானவர்கள்; இருவருமே நல்லவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். குத்தகைப் பதிவு நடைபெறுகிறது என்னும் செய்தி ஊரில் பரவியது. மனுக் கொடுப்பது உப்பிட்டவருக்குத் துரோகம் செய்வதாகுமோ என்று உழவர் இருவரும் கலங்கினர்.

முதல்வர் ஒருநாள் மாலை உடையவர் வீட்டுத் திண்ணையருகே சென்று நின்றார். முதியவரான உடையவர் அவரை நோக்கி, “தம்பி, பெயர் பதிய மனுக் கொடுத்துவிட்டாயா?” என்று கேட்டார்.

“இல்லை ஐயா. உங்கள் சொல் இருக்கும்போது எனக்கு எழுத்து எதற்கு?”

முதியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “என் சொல் என் மூச்சு உள்ளவரையில்தான் நிற்கும். எழுத்து உன் பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். நாளைக்கே வா, நானும் உடன் வருகிறேன்” என்றார். சொன்னவாறே மறுநாள் அதிகாரிமுன் சென்று, “இவன்தான் என் வயலை உழுகிறான்” என்று வாக்குமூலம் கொடுத்தார். ஏட்டில் பெயர் ஏறிற்று.

மற்றவரும் தம் உடையவரிடம் சென்றார். அவரும் அன்பாகவே பேசினார். “நமக்குள் எழுத்து எதற்கு? நீ எங்கள் வீட்டுப் பிள்ளை போன்றவன் அல்லவா?” என்றார். பொங்கலுக்கு வேட்டியும் துண்டும் வழங்கினார். உழவர் மனம் குளிர்ந்து திரும்பினார். மனு எழுதப்படவில்லை.

ஆண்டுகள் உருண்டன. உடையவர் இருவரும் காலமாயினர். வெளியூர்களில் வாழ்ந்த பிள்ளைகள் நிலத்தை விற்க முற்பட்டனர். வாங்க வந்தவர்கள் நெல் வயலைத் தென்னந்தோப்பாக்க விரும்பினர். முதல் உழவர் தம் பெட்டியில் வைத்திருந்த பதிவேட்டு நகலை எடுத்துக் காட்டினார். நிலம் கைம்மாறினாலும் குத்தகை உழவர் உரிமை மாறாது என்பதை அறிந்த அவர்கள், அவருடன் அமர்ந்து பேசினர். முடிவில் வயலில் ஒரு பகுதி அவர் பெயருக்கே எழுதப்பட்டது. அவருடைய பேரன் இன்று அதில் திராட்சைப் பந்தலிட்டிருக்கிறான்.

இரண்டாம் உழவரிடம் நகல் இல்லை, இரசீதும் இல்லை. அண்டை வயல்காரர்களைச் சாட்சிக்கு அழைத்தார். “எங்களுக்கு எதற்கு வம்பு?” என்று அவர்கள் ஒதுங்கினர். ஏட்டின்படி அவர் அவ்வயலில் கூலிக்கு வந்தவரே ஆனார். அதன்பின் அவர் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மலைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றார். போகும் வழியில் அவ்வயலைக் கடக்கும்போது முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்வாராம்.

இருவரும் ஒரே மண்ணில் ஒரே அளவு வியர்வை சிந்தியவர்கள். ஒருவரை நிலைநிறுத்தியது ஒரு வரி எழுத்து. மற்றவரை வேரோடு பெயர்த்தது அவ்வரி இல்லாமை. இரண்டாம் உடையவர் கொடியவர் அல்லர். அன்பினால் கிடைக்கும் வேட்டியும் உரிமையினால் கிடைக்கும் வயலும் ஒன்றல்ல என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

நிலச் சீர்திருத்தம் வெற்றி பெற்ற நாடுகளின் வரலாறும் இதனையே காட்டுகிறது. ஜப்பானில் 1946இல் தொடங்கிய சீர்திருத்தத்தின்போது, ஊர்தோறும் நிலக்குழு அமைக்கப்பட்டது. அதில் குத்தகை உழவர் ஐவர், நிலக்கிழார் மூவர், சொந்த நிலத்தை உழுவோர் இருவர் இருந்தனர். எவ்வயலை எவர் உழுதார் என்பதை நன்கறிந்த ஊராரே கூடி முடிவு செய்தமையால் பொய்க்கு இடம் குறைந்தது. விளைநிலத்தில் பாதிக்குச் சிறிது குறைவாக இருந்த குத்தகை நிலம், ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகச் சுருங்கியது. மேற்கு வங்காளத்தில் 1978இல், அதிகாரிகள் உழவர் தம்மைத் தேடி வரட்டும் என்று அலுவலகத்தில் காத்திராமல், ஊர்களுக்கே சென்று மாலை வேளைகளில் அவர்களோடு கூடிப் பேசினர். அச்சம் நீங்கிய வாரக்குடிகள் வாய் திறந்தனர். ஏறத்தாழ 14 இலட்சம் பேரின் பெயர்கள் பதியப்பட்டன.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க நிலத்தின் உச்ச அளவு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் 30 தர ஏக்கர் என வரையறுக்கப்பட்டது. 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. சிறந்த ஏற்பாடே அது. ஆயினும், மிகுநிலத்தைப் பகிர்ந்தளிப்பது எத்துணை முதன்மையானதோ, உழும் நிலத்தில் உழுபவர் பெயரை எழுதுவதும் அத்துணை முதன்மையானதாகும்.

இன்றும் இக்கதை முடிந்துவிடவில்லை. பயிர்க்கடனுக்குச் செல்பவரிடம் சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படுகின்றன. 2019இல் நடுவண் அரசு தொடங்கிய உழவர் உதவித் தொகை, நிலம் தம் பெயரில் உள்ள குடும்பங்களுக்கே செல்கிறது. வாய்ப்பேச்சில் நிலம் பிடித்து உழுபவர், புயலிலும் வறட்சியிலும் நட்டத்தைத் தாம் ஏற்கிறார். உதவி வரும்போது வரிசைக்கு வெளியே நிற்கிறார்.

வழக்கம் பழைமையானது; மதிக்கத்தக்கது. ஆனால், வழக்கத்தைத் தாங்கி நிற்பவை மனிதருடைய நினைவும் நாணயமும் ஆகும். அவை தலைமுறை மாறும்போது மறையக்கூடும். இராயப்பன்பட்டி முதியவர் இவ்வுண்மையை உணர்ந்திருந்தார். உழுபவர் பெயரை ஏட்டில் ஏற்றியதால் அவர் தம் வாழ்நாளில் இழந்தது ஒன்றும் இல்லை. அறுவடைதோறும் அவருடைய பங்கு தவறாமல் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே, திராட்சை பழுக்கும் பருவத்தில் முதற்குலையை அவர் வீட்டாருக்கு அனுப்பும் வழக்கத்தையும் அந்தப் பேரன் இன்றுவரை விடவில்லை.