மண் குவளையில் ஒரு விருந்து

கொல்கத்தாவில் நண்பர் ஒருவர் நம்மை இராப்போஜனத்துக்கு அழைத்திருந்தார். விருந்தினர் ஆறே பேர். லூச்சி என்னும் மைதா பூரி, கடலைப் பருப்பு, கத்தரிக்காய் வறுவல். கடைசியில் மண்சட்டியில் உறைந்த இனிப்புத் தயிர். 'மிஷ்டி தொய்' என்பது அதன் பெயர். சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் நன்றாக இறுகி நிற்கிறது.

பிறகு இஞ்சி தட்டிப் போட்ட தேநீர், சிறு மண் குவளைகளில் வந்தது. மெருகு பூசாமல் சுட்ட குவளையாதலால், சூடு பட்டதும் புதுமழையின் வாசனை எழுந்தது. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. குயவர் விரலின் வரை ஒவ்வொன்றிலும் தெரிந்தது.

குடித்தபின் குவளையைக் கழுவி வைப்பதில்லை, எறிந்துவிடுகிறார்கள். சிக்கனத்தில் வளர்ந்த நமக்கு மனம் வரவில்லை. வீட்டு அம்மையார் நகைத்து, "நீங்கள் எறிந்தால்தானே நாளைக்கும் குயவர் சக்கரம் சுழலும்?" என்றார்.

அது சுழல்வது எளிதாயில்லை. 2004-ஆம் ஆண்டில் ரயில்வே மந்திரியாயிருந்த லாலு பிரசாத் யாதவ், ரயில் நிலையங்களில் மண் குவளையைப் புகுத்தினார். ஆயினும் மலிவான காகிதக் குவளையும் பிளாஸ்டிக் குவளையும் அதை ஒதுக்கிவிட்டன. குயவரோ களிமண்ணுக்கும் சூளை விறகுக்கும் விலை கொடுத்தாக வேண்டும். மழை நாளில் பச்சைக் குவளை காயாது.

சர்க்கார் உத்தரவு காப்பாற்றாத தொழிலை அந்த அம்மையார் போன்றவர்களே காப்பாற்றி வருகிறார்கள். வாசகர்களே, அடுத்த முறை நண்பர்களை விருந்துக்கு அழைக்குமுன், குயவர் வீதிக்கு ஒருமுறை போய் வாருங்கள்.