அக்கா வெட்டுன கிணறு

பொதட்டூர்பேட்டைன்னா தறிச் சத்தம்தான் ஞாபகம் வரும். நமக்கு அரை ஏக்கர்ல ஒரு கிணறு, அதைச் சுத்தி வேர்க்கடலை. போன மாசம் அந்தக் கிணத்துல தூர் வாரினோம். மூணு நாள், ஆறு ஆளு, கிரேன் வாடகை தனி. வெயில்ல நின்னு கணக்கு பாத்தது எங்க அக்கா. வயசு 63.

அதே வாரம் திமிரியில ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்திருந்த ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் கிட்ட கிணத்துச் செலவைப் புலம்பினேன். "பக்கத்துல விளாப்பாக்கத்துல ஒரு அம்மா வெட்டுன கிணத்துக்குக் கல்வெட்டே இருக்கு"ன்னார்.

முதலாம் பராந்தக சோழனோட 38ஆவது ஆட்சியாண்டு, அதாவது 945 வாக்குல. பட்டினிக் குரத்தி அடிகள்னு ஒரு சமணப் பெண் துறவி. குரத்தின்னா பெண் குரு. அவங்க வெட்டுன கிணறும் ஒரு வீடும் பெண்பள்ளி ஆயிடுச்சு. பள்ளின்னா இப்போ நமக்கு இஸ்கூல், அப்போ சமணத் துறவிங்க தங்குற இடம்.

வந்தவாசி பக்கம் வேடால்ல இன்னும் பெருசு. ஆதித்த சோழன் காலம், 885 வாக்குல. கனகவீரக் குரத்தியார்னு ஒருத்தருக்கு 500 மாணாக்கிங்க. வேற 400 பெண் துறவிங்களோட பிணக்கு வந்திருக்கு. துறவிங்களுக்குள்ளயும் சண்டைதான், பாருங்க! ஊர்க்காரங்க, குரத்தியாரையும் மாணாக்கிங்களையும் நாங்க காப்பாத்தி சோறு போடறோம்னு கல்லுல எழுதிக் குடுத்திருக்காங்க. ஆளுக்குக் கால் கிலோ அரிசின்னாலும் ஒரு நாளைக்கு 125 கிலோ. எங்க பக்கம் ஒரு ஏக்கர் நெல்லு பத்து நாளைக்கு மேல தாங்காது.

பஸ்ஸுல வரும்போது அக்கா நெனப்புதான். 22 வயசுல தாலி அறுத்துட்டு எங்க ஊட்டுக்கு வந்துச்சு. எங்க போறதுன்னு யாரும் கேக்கல, போக ஒரு பள்ளியும் இல்ல. அது நகை ஏழு சவரனை வித்துத்தான் அப்பா இந்தக் கிணத்தை வெட்டினார். பட்டா அப்பா பேர்ல, அப்புறம் என் பேர்ல. கரண்டு சர்வீஸும் என் பேர்தான். அந்தம்மா பேரு ஆயிரம் வருஷமா கல்லுல நிக்குது. எங்க அக்கா பேரு ரேஷன் கார்டுல மட்டும்.

ராத்திரி சாப்பிடும்போது, கிணறு இருக்குற அரை ஏக்கரை உன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிடறேன்க்கான்னு சொன்னேன். என் சம்சாரம் தட்டைப் பாத்துக்கிட்டு இருந்தா.

"ஏண்டா, நான் போய்ச் சேந்துடுவேன்னு எவனாச்சும் ஜோசியம் சொன்னானா?"ன்னுட்டு அக்கா எழுந்து போயிடுச்சு.

காலையில பாத்தா, அதோட ஆதார் கார்டு டிவி மேல இருந்துச்சு.